பூக்களை எண்ணும் ஊரில்

ஜப்பானுக்குப் போகலாமா என்று கேட்டதும் அம்மா சொன்ன முதல் பதில், "அங்க நமக்கு என்ன சாப்பாடு கிடைக்கும்?" என்பதுதான். இரண்டாவது பதில் ஒரு வாரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. "எங்க அப்பாயி இருந்தா என்ன சொல்லியிருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்."

காதில் வாங்கிக்கொண்டேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று. என் மகளுக்குப் பத்து வயது. ஜப்பானியக் கார்ட்டூனும் ஷின்கான்சென் ரயிலும் அவளுக்கு உயிர். எனக்கோ பல வருடங்களாக சக்குரா மலர்களை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. நோன்புப் பெருநாள் விடுமுறையும் தோக்கியோவில் பூ மலரும் வாரமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எழுபது வயது அம்மா, மகள், நான் என்று மூன்று தலைமுறைப் பெண்களாகக் கிளம்பினோம்.

மார்ச் மாதக் கடைசி. வசந்தம் என்றுதான் பெயர், ஆனால் குளிர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் நின்றது. கூடவே தூறல். கேமரன் மலைக்குப் போவதுபோல் ஒரு ஸ்வெட்டரோடு வந்திருந்த அம்மாவுக்கு முதல் நாளே ஒரு கனத்த கோட்டு வாங்க வேண்டியதாயிற்று.

ஆற்றங்கரையில் ஒரு கல்

நாங்கள் தங்கியது அசாகுசா பகுதியில். அங்கிருந்து சுமிதா ஆறு நடந்து போகும் தூரம்தான். ஆற்றின் இரு கரைகளிலும் வரிசையாகச் சக்குரா மரங்கள். 18ஆம் நூற்றாண்டில் எட்டாவது ஷோகுன் தோக்குகாவா யோஷிமுனே இங்கே மரங்களை நட வைத்தார். பூப் பார்க்கக் கூட்டம் வந்தால், அவர்கள் காலடி பட்டுக் கரை மண் இறுகும், வெள்ளத்தைத் தாங்கும் என்பது அவர் கணக்கு என்று இன்றும் சொல்கிறார்கள். ஆட்சியாளர் மக்களிடம் வேலை வாங்கிய விதங்களில் இவ்வளவு இனிமையானது வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

பூ மரத்தடியில் விரிப்பு விரித்து, உண்டு குடித்துப் பொழுதுபோக்குவதை ஹனாமி என்கிறார்கள். நீல நிறத் தார்ப்பாய்தான் எங்கும். நல்ல இடம் பிடிக்க அலுவலகத்தின் இளைய ஊழியரைக் காலையிலேயே அனுப்பிவிடுவார்களாம். அப்படி ஒரு பையன் பெரிய விரிப்பின் நடுவே தன்னந்தனியாகக் கைப்பேசியோடு குளிரில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். அம்மாவுக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் காலணிகள் ஜோடி ஜோடியாக வெளிப்பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. "நம்ம வீட்டு வாசல் மாதிரியே இருக்கு பாரு" என்றார்.

சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்தது. கடல்பாசி சுற்றிய சோற்று உருண்டை, ஒனிகிரி, எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. உள்ளே உமெபோஷி வைத்ததைத் தேடி எடுத்தோம். உப்பில் ஊறிய அந்தப் புளிப்புப் பழத்தைக் கடித்ததும் அம்மா, "அட, நம்ம நார்த்தங்காய் ஊறுகாய்!" என்று சொல்லி இரண்டு சாப்பிட்டார். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பல சூப்புகளிலும் குழம்புகளிலும் மீன் சாறு கலந்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. மகள் இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை என மூன்று நிறங்களில் குச்சியில் குத்திய மாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கொத்தோதோய் என்ற பாலத்துக்கு அருகே வந்தபோது அவள்தான் நின்றாள். "அம்மா, இங்க யாருக்கோ பூ வெச்சிருக்காங்க." பூங்கா ஓரத்தில் ஒரு நினைவுக்கல். அதன் முன் வாடத் தொடங்கியிருந்த மலர்கள்.

கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தேன். 1945 மார்ச் 10 அதிகாலையில் அமெரிக்கப் போர் விமானங்கள் கிழக்குத் தோக்கியோமீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. மரத்தாலும் காகிதத்தாலும் ஆன வீடுகள். ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். தப்பிக்க நினைத்து இரு கரைகளிலிருந்தும் இந்தப் பாலத்துக்கு ஓடி வந்தவர்கள் நடுவில் முட்டிக்கொண்டு நிற்க, தீ அவர்களைச் சூழ்ந்துவிட்டது. இறந்தவர்களில் பலரை அப்போதைக்கு இந்தப் பூங்காவிலேயே புதைத்திருக்கிறார்கள்.

சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் விரிப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா கல்லையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பாவம், புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கும்ங்க" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

சயாமுக்குப் போனவர்

அன்று இரவுதான் நான் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

மறுநாள் நாங்கள் போவதாக இருந்தது சிதோரிகஃபுச்சி. தோக்கியோவில் சக்குரா பார்க்க மிக அழகான இடம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வீட்டிலிருந்தபோது அதற்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் பக்கத்திலேயே யாசுகுனி ஆலயமும் அதன் வளாகத்தில் யூஷுகான் என்ற போர் அருங்காட்சியகமும் இருந்தன. அருங்காட்சியகத்தின் படத்தைத் தட்டினால் ஒரு கறுப்பு நீராவி ரயில் எஞ்சின். சயாம் - பர்மா ரயில்பாதையில் ஓடியது என்று போட்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். சயாம் மரண ரயில் என்று நாம் சொல்லும் அதே பாதை.

அம்மாவின் அப்பாவைப் பெற்ற தாத்தா, எனக்குக் கொள்ளுத்தாத்தா, 1943இல் கோலசிலாங்கூர் பக்கத்துக் கித்தாத் தோட்டம் ஒன்றிலிருந்து சயாமுக்குப் போனவர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளிச் சம்பளம் என்று சொல்லி அழைத்துப் போனார்களாம். அப்போது என் தாத்தாவுக்குப் பதினொரு வயது. லயத்து வாசலில் நின்று லாரி போவதைப் பார்த்ததாகச் சொல்வார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. போர் முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

அதனால் அப்பாயி தாலியைக் கழற்றவே இல்லை. செத்துப்போனார் என்று கண்ணால் கண்டவர் ஒருவர் வந்து சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம். முப்பது வருடத்துக்கும் மேல் பொட்டு வைத்துக்கொண்டே வாழ்ந்து, பொட்டோடு போய்ச் சேர்ந்தார். இறந்த நாள் தெரியாததால் தாத்தாவுக்குத் திதி கிடையாது. தீபாவளிக்கு முதல் நாள் படையலில் அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்து வழக்கப்படி அப்பாயி புருஷன் பெயரை வாயால் சொன்னதும் கிடையாது. மகனுடைய அடையாள அட்டையில் 'ஏ/எல்' என்பதற்குப் பின்னால் வந்த அந்த ஒரு சொல்தான் அவர் இந்த உலகில் இருந்ததற்கு எங்களிடம் உள்ள ஒரே எழுத்துச் சான்று.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஜப்பான் என்றால் வெறுப்பு இருந்ததில்லை. 80களில் 'கிழக்கு நோக்கிய கொள்கை' வந்த பிறகு அப்பாவுக்கு வேலை கிடைத்ததே ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில்தான். முதல் தொலைக்காட்சி, முதல் கார் எல்லாம் ஜப்பான்தான். தாத்தா அந்தக் காரில் ஏறி உட்கார்ந்து கோயிலுக்குப் போனார். எதையும் சொன்னதில்லை.

"அம்மா, அந்த எஞ்சின் நாளைக்குப் போற இடத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. பார்க்க வேணாம்னா வேணாம்" என்றேன்.

மகள் தூங்கிவிட்டிருந்தாள். அம்மா கோட்டை மடித்து வைத்தார். பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். விளக்கை அணைத்த பிறகுதான், "பார்த்துட்டே வந்துருவோம்" என்றார்.

அகழியும் வெள்ளைச் சாமந்தியும்

குடான்ஷிதா நிலையத்தின் இரண்டாம் வாசலில் ஏறினால் சில நிமிடங்களில் சிதோரிகஃபுச்சி வந்துவிடும். இன்று பேரரசர் மாளிகை இருக்கும் இடத்தில் அன்று எடோ கோட்டை இருந்தது. அந்தக் கோட்டையின் அகழிதான் இது. தோக்குகாவா இயெயாசு 1590இல் எடோவுக்கு வந்த பிறகு ஓர் ஓடையைத் தடுத்துக் குடிநீருக்காக உண்டாக்கியது. மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த சிதோரிப் பறவையைப்போல் இருப்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள்.

அகழியை ஒட்டிய நடைபாதை ஏறத்தாழ 700 மீட்டர். கிளைகள் தண்ணீரைத் தொடுமளவுக்கு வளைந்திருக்க, கீழே சிறு படகுகளில் ஜோடிகள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். படகில் ஏற வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள், பகலில் வரிசை நீண்டுவிடும்.

இங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்ற வகை. விதையிலிருந்து வளர்வதில்லை. எல்லாமே ஒட்டுக்கட்டி வளர்த்தவை. அதாவது ஜப்பான் முழுவதும் உள்ள இந்த வகை மரங்கள் மரபணுவில் ஒரே மரம். அதனால்தான் ஓர் ஊரில் எல்லா மரங்களும் ஒரே நேரத்தில் பூத்து, ஒரே வாரத்தில் கொட்டிவிடுகின்றன. அந்தக் கொட்டுகிற அழகைத்தான் போர்க்காலத்தில் சிப்பாய்களுக்குப் பாடமாகச் சொன்னார்கள், சக்குரா இதழ்போல் நாட்டுக்காக உதிரவேண்டும் என்று. விமானியை உள்ளே உட்காரவைத்துக் கப்பல்மீது மோதவிட்ட ஒரு பறக்கும் குண்டுக்கு அவர்கள் வைத்த பெயரே ஓக்கா, சக்குரா மலர். மகள் கையில் விழுந்த இதழை விரலில் ஒட்டவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் அப்போது இதைச் சொல்ல மனம் வரவில்லை.

நடைபாதையின் மறுகோடிக்குப் பக்கத்தில் கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத ஓர் அமைதியான இடம் இருக்கிறது. சிதோரிகஃபுச்சி தேசிய மயானம். 1959இல் திறந்தது. அறுகோண மண்டபம் ஒன்று, சுற்றிலும் மரங்கள், வேறு ஆரவாரம் இல்லை. வெளிநாடுகளில் போரில் இறந்து, இன்னார் என்று அடையாளம் தெரியாமல் கொண்டுவரப்பட்ட ஏறக்குறைய 3 லட்சத்து 70 ஆயிரம் பேரின் எச்சங்கள் இங்கே இருக்கின்றன. வருகிறவர்கள் ஆளுக்கொரு வெள்ளைச் சாமந்தியை வைத்து வணங்குகிறார்கள்.

"யாருக்கு வைக்கிறாங்க?" என்று கேட்டார் அம்மா.

"பேர் தெரியாதவங்களுக்கு."

"ஜப்பான் சிப்பாய்ங்களா?"

"சிப்பாய்ங்களும் இருக்காங்க, சாதாரண ஜனங்களும் இருக்காங்க."

அம்மா கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தாத்தாவை லாரியில் ஏற்றியவனும் இங்கே இருக்கலாம். பிறகு அவரே போய் ஒரு பூவை வாங்கி வைத்துவிட்டு வந்தார். "பேர் தெரியாதவங்களுக்குத்தானே, நம்ம ஆளும் அதுல சேர்த்திதான்" என்றார்.

அந்தக் கறுப்பு எஞ்சின்

யாசுகுனி ஆலயம் அங்கிருந்து பத்து நிமிட நடை. பேரரசருக்காகப் போரிட்டு இறந்தவர்களை வணங்க 1869இல் தொடங்கப்பட்டது. 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் பெயராக இங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பிரதமராக இருந்த தோஜோ உட்பட 14 முதல்நிலைப் போர்க் குற்றவாளிகளையும் 1978இல் அதில் சேர்த்தார்கள். ஜப்பானியத் தலைவர் எவராவது இங்கே வந்தால் சீனாவும் கொரியாவும் கண்டிக்கின்றன. 1975க்குப் பிறகு பேரரசர் யாரும் இங்கே வரவில்லை. நாங்களும் வழிபடவில்லை. வளாகத்துக்குள் மட்டும் நடந்தோம்.

அங்கே நோ நாடக மேடைக்குப் பக்கத்தில் ஒரு சக்குரா மரத்தைச் சுற்றி வேலி. தோக்கியோவில் வசந்தம் வந்துவிட்டதா இல்லையா என்று முடிவு செய்வது இந்த ஒரு மரம்தான். வானிலை ஆய்வு அதிகாரி வந்து பார்ப்பார். ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால் 'பூத்துவிட்டது' என்று நாடு முழுவதும் அறிவிப்பு வரும். நான் இதைச் சொன்னதும் மகள் அண்ணாந்து பார்த்து எண்ணத் தொடங்கினாள். ஆனால் அன்று மரம் நிறையப் பூ.

யூஷுகானின் முன்கூடத்துக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. கண்ணாடிச் சுவருக்குள் ஒரு போர் விமானமும் அந்த எஞ்சினும் நின்றன.

C56 31 என்ற எண். 1936இல் ஜப்பானில் செய்யப்பட்டது. முதலில் ஜப்பானிய ஊர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போரின்போது இந்த வகை எஞ்சின்களில் 90ஐ, சக்கர அகலத்தைக் குறைத்துத் தென்கிழக்காசியாவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். 1943 அக்டோபரில் ரயில்பாதையின் திறப்பு விழாவில் ஓடியது இதுதான். போருக்குப் பிறகும் தாய்லாந்தில் 1977 வரை ஓடியிருக்கிறது. அந்தப் பாதையில் பணியாற்றிய ஜப்பானிய ராணுவத்தினர் பணம் திரட்டி 1979இல் இங்கே கொண்டுவந்தார்கள்.

தகவல் பலகையை மேலிருந்து கீழாகப் படித்தேன். வேறொரு கணக்கைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கு இது. 415 கிலோமீட்டர். ஏறக்குறைய பதினாறு மாதம். 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் அதிகமானோர், பெரும்பாலும் நம் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி. இறந்த ஆசியர்கள் 90,000 வரை இருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் எழுதி வைத்தவர் யாருமில்லை. காஞ்சனபுரிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு, பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. நம்மவர்களுக்கு அங்கே ஒரு நடுகல் எழும்பியதே அண்மை ஆண்டுகளில்தான்.

"பாட்டி, உங்க தாத்தா இந்த ரயில்ல போனாரா?" என்று கேட்டாள் மகள்.

"இல்ல பாப்பா. இது போறதுக்குப் பாதை போட்டாரு."

அம்மா எஞ்சினின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். நன்றாகத் துடைத்து, எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அம்மா கைகூப்பிக் கண்ணை மூடினார். அதே நேரத்தில் உள்ளே வந்த வயதான ஜப்பானியர் ஒருவர் அதைக் கண்டு நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றி எஞ்சினைப் பார்த்து வணங்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இடுப்பு வளைய இன்னொரு முறை வணங்கினார்.

நாங்கள் யார் என்று நினைத்தாரோ தெரியாது. நீங்கள் நினைப்பதுபோல் இல்லை, நாங்கள் இந்தப் பாதையின் அந்தப் பக்கத்து ஆட்கள் என்று சொல்லிவிட வேண்டும்போல் எனக்கு நெஞ்சு துடித்தது. மொழி தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் நிச்சயமில்லை. அதற்குள் அம்மா அவருக்குத் தலை குனிந்து பதில் வணக்கம் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், "அவருக்கும் யாரோ போயிருப்பாங்க" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, வேலி போட்ட அந்த மரத்தைக் கடக்கும்போது, "பூவைக்கூட எண்ணி எழுதி வைக்கிறாங்க. தாத்தாவை எண்ண ஒருத்தருக்கும் தோணல பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம்

பூப் பார்க்கத் தோக்கியோ போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் பெரும்பாலும் ஏமாற்றாது. சிதோரிகஃபுச்சிக்கு அவசியம் போங்கள். அப்படியே தெரு தாண்டி அந்த முன்கூடத்துக்கும் போய்ப் பிள்ளைகளுக்கு எஞ்சினைக் காட்டுங்கள். பலகையில் இல்லாததை நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதால் என் மகளுக்கு ஜப்பான்மேல் இருந்த ஆசை குறைந்துவிடவில்லை. மறுநாள் ஷின்கான்சென்னில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் போட்ட கூச்சலுக்குக் குறைவே இல்லை. ஆனால், "இந்தப் பாதையை யாரும்மா போட்டாங்க?" என்று ஒரு கேள்வி வந்தது. இனி எந்த ரயிலில் ஏறினாலும் அவள் அதைக் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

வீடு திரும்பியதும் பள்ளிக்காக விடுமுறைக் குறிப்பேடு ஒன்று தயாரித்தாள். பூப் படங்களுக்கு நடுவே எஞ்சினின் படத்தையும் ஒட்டினாள். அதன் கீழே பாட்டியின் தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டாள். அம்மா பழைய அடையாள அட்டையைத் தேடி எடுத்து, 'ஏ/எல்' என்பதற்குப் பின்னால் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். தோட்டத்தின் பெயர், மனைவியின் பெயர், வயது ஏறக்குறைய முப்பத்தைந்து. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரோ தமிழில் எழுதியது அதுதான் முதல் முறை.

உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருக்கலாம். அவர் பெயர் தெரிந்த கடைசி ஆள் இன்னும் உங்களோடு இருக்கலாம். இந்த வாரமே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

"செத்த நாள் என்ன பாட்டி?" என்று மகள் பேனாவோடு நிமிர்ந்தாள்.

"அது தெரியாது பாப்பா" என்றார் அம்மா. "போன வருஷம் தெரியும். 1943. அதை எழுது."